பாலத்தின் மேல் தின்ற சாட்சி

இரண்டு வருஷம் நான் வேதம் வாசித்தது ஒரே ஒரு மனிதரை ஒழித்துக்கட்டுவதற்காக. பக்திமான்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம், வருத்தப்பட மாட்டேன். உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் யாருக்கும் பெயர் கிடையாது. எனக்கும் கிடையாது. இதைப் படித்துவிட்டு ஒருத்தர் மேலே ஒருத்தர் கடுதாசி போடும் வேலை மறுபடி ஆரம்பித்துவிடக் கூடாது பாருங்கள், அதற்காக.

ஐம்பதுகளின் பின்பாதி. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. உறையூரில் வாடகை வீடு, காவிரிப் பாலத்துக்குத் தெற்கே ஒரு காம்பவுண்டுக்குள் ஆபீஸ், புத்தூர்ப் பக்கம் எங்கள் சபை. ஆபீஸில் நான் சாதாரண குமாஸ்தா. ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் என்னை யாரும் சாதாரணம் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுத் தூக்குகளைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரும் எனக்காகக் காத்திருப்பார்கள். நான் மற்றவர்களைப் போல நடந்தும் பேசியும் காட்டுவேன். பியூனிலிருந்து ஆபீஸர் வரை என்னிடம் தப்பித்தவர் யாருமில்லை. ஆபீஸர்தான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேஷம். அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. பாதங்களை வாத்து மாதிரி வெளியே திருப்பி வைத்து நடப்பார், கைக்குட்டையால் மண்டையை ஒரு சுற்றுத் துடைப்பார், இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். எனக்கு அப்போது தலை நிறைய முடி. அதையும் மீறி, நான் இருமினால் மொட்டைத் தலை தெரியும் என்பார்கள்.

ஒரு நாள் ஆபீஸர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு கடுதாசி விரித்திருந்தது.

"இதுல எழுதியிருக்கறது நெசமா?"

"என்ன சார் எழுதியிருக்கு?"

"என்னை மாதிரி நடப்பீங்களாமே. நடங்க, பாப்போம்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். வேதத்தில் அப்படிச் சிலரை விழுங்கியிருக்கிறது. எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. சரி, கோணல்மாணலாக நடந்து தப்பித்துவிடலாம் என்று ஓர் அடி வைத்தேன். பயத்தில் புத்தி ஓடிப்போக, உடம்பு தனக்குத் தெரிந்த வேலையைத் தானே பார்த்தது. பாதம் திரும்பியது. கை தலையைத் துடைத்தது. அந்த வேஷம் போட்ட மூன்று வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் செய்ததே இல்லை. கடைசியில் சுவர் வரை போய்த் திரும்பி நின்று, என்னை அறியாமல் இரண்டு தரம் இருமினேன்.

"இருமல் வேற" என்றார் ஆபீஸர்.

அடுத்த வாரமே துறையூர்க் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வர வேண்டிய உயர்வு பக்கத்து நாற்காலிக்காரருக்குப் போனது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து, மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை என்று ஒவ்வொரு ஊர்ப் புழுதியாகத் தின்றுகொண்டே பஸ்ஸில் போவேன். இருட்டிய பிறகு திரும்புவேன்.

யார் எழுதியது என்று கண்டுபிடிக்க நான் துப்பறியவே இல்லை. ஆபீஸர் மேஜைமேல் அந்தக் கடுதாசியைத் தலைகீழாகப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இடது கையால் எழுதினது போலக் கோணல் எழுத்து. அடியில் 'நியாயம் விரும்பும் ஒருவன்' என்ற கையெழுத்து. எல்லாம் ஜாக்கிரதையாகத்தான் செய்திருந்தார். மேல் மூலையில் மட்டும் பொடியாக ஒரு சிலுவைக் குறி, பக்கத்தில் வேதப் புத்தகம் ஒன்றின் பெயர்ச் சுருக்கம், ஓர் அதிகார எண், ஒரு வசன எண். ஆபீஸர் இந்து. அதை ஏதோ ஃபைல் நம்பர் என்று நினைத்து மைப் பென்சிலால் சுழித்துக்கூட வைத்திருந்தார்.

அந்த ஆபீஸில் எங்கள் மதத்துக்காரர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் ஹெட்கிளார்க். அவர் எந்தக் காகிதத்தில் எதை எழுதினாலும், லீவு விண்ணப்பமோ சலவைக் கணக்கோ, மூலையில் சிலுவை போட்டு அன்றைக்குத் தியானித்த வசனத்தின் எண்ணைக் குறிக்காமல் ஆரம்பிக்கமாட்டார். மொட்டைக் கடுதாசிக்கும் வசனம் போட்டுவிட்டார், பாவம். பழக்கம்!

வீட்டுக்கு வந்து அந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன். வழுக்கைத் தலைத் தீர்க்கதரிசி ஒருவரைத் தெருப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து அவர்களைப் பீறிப்போடுகின்றன. வாசித்துவிட்டு மூடினேன். திருச்சி ஜில்லாவில் கரடி கிடையாது என்பதால் எனக்குத் துறையூரை ஏவியிருக்கிறார்.

என் மனைவிதான் கேட்டாள், "அந்தக் கடுதாசியில பொய் ஏதாவது எழுதியிருந்தாரா?"

"இல்லை."

"அப்புறம் என்னங்க?"

"அதான் கோவம்."

ஹெட்கிளார்க் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சபைக்குப் பக்கத்து அறையில் வேதபாட வகுப்பு நடத்துவார். ஆபீஸில் அவர் எனக்கு 'சார்'. வகுப்பில் எல்லாரும் எல்லாருக்கும் 'பிரதர்', 'சிஸ்டர்'. அதுவரை அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். மாற்றலான அடுத்த சனிக்கிழமையே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் முகத்தில் ஒரு கணம் பயம் ஓடி மறைந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு வாரத்தில் எனக்குச் செரித்த முதல் உணவு அதுதான்.

"வாங்க பிரதர்" என்றார்.

"வந்துட்டேன் பிரதர்" என்றேன்.

சனி மட்டும் துறையூரில் அரைநாள். ஒன்றரைக்குக் கிளம்பி, சாப்பிடாமல் பஸ் பிடித்து, ஒரு வாரம் தவறாமல் வகுப்புக்கு வந்தேன். வீட்டில் ராத்திரி சாப்பாடானதும் வேதத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காருவேன். விரோதியின் பல்லை உடைக்கச் சொல்லிக் கேட்கிற ஜெபங்கள் எத்தனை இருக்கின்றன என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா? நான் எண்ணினேன். துரத்திவந்த ராஜா குகைக்குள் தனியாகச் சிக்கியும், சும்மா விட்டுவிட்டு அவர் அங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்ட அந்த இளைஞன் கதையைப் படிக்கும்போது வயிறு எரியும். முட்டாளே, கத்தி கையில்தானே இருந்தது!

மனைவி விளக்கைத் தூண்டிவிட்டுச் சொல்வாள், "இவ்ளோ ஆசையா வாசிக்கிறீங்களே, எங்கம்மா இருந்து பாத்தா கண்ணீர் விடுவாங்க. எந்த அதிகாரம்?"

"பல்லு உடைக்கிற அதிகாரம்."

"ஆமென். தூங்குங்க."

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அந்த வாரம் தான் ஜெயித்த சோதனையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸம்மா ஒருத்தர் வருவார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "வார்டுல ஒரு ஆளு ஊசிக்குப் பயந்து என் கையைக் கடிச்சான். திருப்பிக் கடிக்கலை. அதான் என் சாட்சி" என்பார். இன்னொருவர் இரண்டாவது டம்ளர் காபியை ஜெயித்திருப்பார். நான் வாராவாரம் ஒரு சோதனையை இட்டுக்கட்டுவேன். பஸ்ஸில் ஜன்னலோரத்தை ஒரு கிழவருக்கு விட்டேன் என்பேன். உண்மையில் அவர் எனக்கு முன்னால் ஏறியிருப்பார்.

ஹெட்கிளார்க் கடைசியில் இரண்டு வார்த்தை சொல்லி முடிப்பார். அதில் ஒன்று அடிக்கடி வரும்: "பிரதர், சோதனைங்கறது கூப்புட்டுட்டு வராது. வாசனையா வரும். மூக்குக்குள்ள போனப்பறம்தான் வந்ததே தெரியும்." நன்றாகத்தான் சொல்கிறார் என்று தோன்றும். உடனே தோன்றியதை அடித்துப்போடுவேன்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. மனைவி இறந்து, மகன் வீட்டில் இருந்தார். வகுப்புக்கு முன்னால் நர்ஸம்மா அவரை நிற்க வைத்து விசாரணை செய்வார். "இனிப்பு ஏதாவது தொட்டீங்களா?" "இல்லை சிஸ்டர்." "மருமக பூட்டிதானே வச்சிருக்கு?" "பூட்டித்தான் வச்சிருக்கு சிஸ்டர்." "அப்பறம் எப்படி ஏறுது?" "கர்த்தருக்குத்தான் தெரியும் சிஸ்டர்."

எனக்கும் தெரிய வந்தது. ஆடி மாசத்துச் சனிக்கிழமை ஒன்றில் துறையூர் பஸ் திருவானைக்கோயில் பக்கம் டயர் வெடித்து நின்றுவிட்டது. ஸ்ரீரங்கம் போனால் டவுன் பஸ் பிடித்துவிடலாம் என்று நடந்தேன். உத்தர வீதியில் திரும்புகிறேன், ஒரு வீட்டு வாசலில் கக்கத்தில் குடை, தோளில் வேதப்பை, கையில் தொன்னை, கண் மூடி ஒரு மனிதர் நிற்கிறார். வாய் மட்டும் அசைகிறது. எங்கள் ஹெட்கிளார்க்.

நான் சட்டென்று ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். ஏன் ஒளிந்தேன்? தப்பு செய்தவர் அவர். ஆனால் நடுங்கியது என் கால். பயம் எனக்குப் பிறவிச் சொத்து, ஆள் பார்த்து வராது.

அடுத்த வாரம் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த வாசலுக்குத் தனியாகப் போனேன். கோயில் மடப்பள்ளியில் வேலை பார்ப்பவர் வீடு அது. கோயிலில் தன் பங்காகக் கிடைக்கும் பிரசாதத்தை வாசலில் வைத்து விற்பார். சாதாரணச் சோறில்லை, அக்காரவடிசில். அரிசியைப் பாலில் குழைத்து, வெல்லமும் நெய்யும் கொட்டி, பச்சைக் கற்பூரம் போட்டது.

"போன வாரம் குடையோட ஒருத்தர் வந்தாரே..." என்று இழுத்தேன்.

"யாரு, சனிக்கிழமை ஸ்வாமியா? தவறாம எழுந்தருளுவார். நெத்தியிலதான் ஒண்ணும் தரிச்சுக்கறதில்லை. கேட்டா சிரிப்பார். நெத்தியில இல்லாட்டா என்ன, அவர் பக்தி நாக்கிலன்னா இருக்கு! ஒரு பருக்கை கீழே விழாது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேலயே இருக்கும். தேவரீருக்கும் ஒரு தொன்னை தரட்டுமா? பெருமாள் அமுது செஞ்சது."

"வேணாங்க! வேணாம்!" என்று இரண்டடி பின்னால் குதித்தேன். எங்கள் குடும்பங்களில் சாமிக்குப் படைத்ததைத் தொடக்கூடாது. அதைத் தின்றால் நாக்கு கறுத்துப்போகும் என்று சொல்லித்தான் என் அம்மா வளர்த்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். வெறும் வாசனை பிடித்ததற்கே!

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். வாராவாரம் சோதனையை ஜெயிக்கச் சொல்லும் மனிதர், விக்கிரகத்துக்குப் படைத்ததை, அதுவும் சர்க்கரை வியாதியோடு, தொன்னை தொன்னையாக! போதாக்குறைக்கு, வரும் கிறிஸ்துமஸுக்கு அவரைச் சபையில் மூப்பராக நியமிக்கப் போவதாக ஐயர் (எங்கள் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) அறிவித்திருந்தார். மனைவி போன பிறகு அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அது என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தால் மூப்பர் பட்டமும் போகும், வகுப்பும் போகும். துறையூருக்குத் துறையூர்.

உடனே திறக்கவில்லை. வகுப்பில் வேதத்திலுள்ள நிருபம், அதாவது கடிதம், ஒன்றை வாரத்துக்கு ஓர் அதிகாரமாகப் படித்துக்கொண்டிருந்தோம். விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தின்னலாமா என்று பேசும் அதிகாரம் ஏழு வாரம் தள்ளி இருந்தது. பலாக்காய்க்கு வைக்கோல் போட்டுக் காத்திருப்பவன் மாதிரி காத்திருந்தேன். அந்த நாளில், அவர் வாயாலேயே அந்தப் பாடத்தை நடத்தும்போது, மேஜைமேல் ஒரு தொன்னையை வைத்து, "பிரதர், மடப்பள்ளிக்காரர் குடுத்தனுப்பினார். இந்த வாரம் சனிக்கிழமை ஸ்வாமியைக் காணோமேன்னு கேட்டார்" என்று சொல்ல வேண்டும். இந்த வாக்கியத்தைத் துறையூர் பஸ்ஸில் முணுமுணுத்து முணுமுணுத்துப் பக்கத்து சீட்டுக்காரர்கள் இடம் மாறினார்கள்.

அந்த நாள் வந்தது. சரியாகச் சனிக்கிழமை மூன்றரைக்கு உத்தர வீதி. அன்றைக்கு ஹெட்கிளார்க்குக்கு ஆபீஸில் வேலை, வரமாட்டார் என்று விசாரித்து வைத்திருந்தேன். மடப்பள்ளிக்காரர் தொன்னையை வாழையிலையில் சுற்றி நாரால் கட்டிக் கொடுத்தார். "சூடு இருக்கு, சாய்க்காம எடுத்துண்டு போங்கோ" என்றார். பையில் வேதத்துக்கு மேலே உட்கார வைத்தேன். டவுன் பஸ் ஏறினேன்.

பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றது. முன்னால் ஒரு கரும்பு வண்டிக்கு அச்சு முறிந்திருந்தது. கீழே ஆறு கரை புரண்டு போகிறது, மேலே வெயில், நான் காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி திருவெள்ளறையிலேயே தீர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் அது வந்தது. கூப்பிடாமல்தான் வந்தது. முதலில் நெய். பின்னால் வெல்லம். எல்லாவற்றுக்கும் மேலே குளிர்ச்சியாகப் பச்சைக் கற்பூரம்.

மூக்கைப் பொத்திக்கொண்டேன். வாயால் மூச்சு விட்டேன். வாய்க்குள்ளும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள், "பிரசாதங்களா?" என்று கேட்டு என் பையைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆமாங்க" என்று நானும் கும்பிட்டேன். பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

சரி, ஒழுகுகிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று கையைப் பைக்குள் விட்டேன். ஒழுகியிருந்தது. கட்டு சாய்ந்து, நெய் வேதத்தின் கடைசிப் பகுதிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வேதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தொன்னையை வெளியே எடுத்தேன். இது சத்தியம், நோக்கம் சுத்தம். வழிந்த நெய்யைக் கீழே விடக்கூடாதே என்று விரலால் வழித்தேன். விரலை எங்கே துடைப்பது? சட்டை வெள்ளை.

நாக்கில் வைத்தேன்.

நாக்கு கறுக்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக அம்மா என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று அந்தப் பாலத்தின் மேல் தெரிந்துகொண்டேன். அடுத்தது ஒரு வாய், எடை குறைந்தால் ஒழுகாது என்பதற்காக. அதற்கடுத்தது, பாதித் தொன்னையும் சாட்சிதானே என்று. வண்டியை ஓரம்கட்டி பஸ் கிளம்பும்போது மணி ஐந்தரை, கையில் காலித் தொன்னை இருந்தது. ஏழு வாரம் காத்திருந்து சேர்த்த சாட்சியைத் தின்று தீர்த்துவிட்டேன். தொன்னையை ஆற்றில் எறிந்தேன். பக்கத்து ஆள் மறுபடி கும்பிட்டார்.

திரும்பிப் போய் இன்னொன்று வாங்க நேரமில்லை. பரவாயில்லை, வாய்ச் சாட்சியே போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஹெட்கிளார்க் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இன்னிக்குப் பாடத்தைப் பிரதர் வாசிக்கட்டும்" என்று என்னைப் பார்த்தார்.

திறந்தேன். பக்கம் நெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பின்பக்கத்து எழுத்தெல்லாம் முன்பக்கத்து எழுத்துக்கு நடுவே வந்து நின்றன. வாயில் வந்ததை வாசித்தேன். விக்கிரகத்தில் ஆரம்பித்த வாக்கியம் கலியாணத்தில் போய் முடிந்தது.

"என்னங்க வாசிக்கிறீங்க?" என்றார் நர்ஸம்மா. "என் புஸ்தகத்துல அப்படி இல்லையே."

ஹெட்கிளார்க் எழுந்து என் பக்கத்தில் வந்தார். பக்கத்தைப் பார்ப்பதற்காகக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய மூக்கு மெதுவாக விடைத்தது. ஒரு தரம் இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். அந்த அறையில் அந்த வாசனை இன்னதென்று தெரிந்த ஒரே மனிதர் அவர். என் முகத்தைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். அதில் ஒரு பருக்கை இருந்ததைப் பிற்பாடுதான் கண்டுபிடித்தேன்.

எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும். முந்திக்கொண்டு அவர் சொல்லிவிட்டால்? சாமிக்குப் படைத்ததைத் தின்றுவிட்டு வேதத்தின்மேல் துடைத்திருக்கிறான் என்றால், மூப்பர் பட்டம் அல்ல, என்னைத்தான் சபையை விட்டே...

"பிரதருக்குக் கண்ணாடி மாத்தணும் போல இருக்கு" என்றார் அவர். "துறையூர்ப் புழுதி. குடுங்க, நான் வாசிக்கிறேன்."

என் விரோதி என்னைக் காப்பாற்றிவிட்டார். கரடியே மேல்.

அவர் அதிகாரத்தை வாசித்து விளக்கினார். விக்கிரகம் ஒன்றுமில்லை, அதற்குப் படைத்ததும் வெறும் சோறுதான். ஆனால் நீ தின்பதைப் பார்த்துப் பலவீனமான சகோதரன் ஒருவன் இடறி விழுந்தால், உன் சோறு அவனைக் கெடுத்ததாகும், அப்போது நீ அதை ஒருநாளும் தொடக்கூடாது என்பது பாடம். அவர் குரல் நடுங்கிக்கொண்டே போனது. நான் வாயில் கற்பூரக் குளிர்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாட்சி நேரம் வந்தது. என் முறை. "ஜெயிக்கலைங்க. தோத்துட்டேன்" என்றேன்.

"எங்க?"

"பாலத்து மேல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் என்ன சொன்னாலும் சிரிப்பவர்கள்தானே. ஹெட்கிளார்க் சிரிக்கவில்லை. "நானும் தோத்தவன்தான்" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு மேல."

நர்ஸம்மா நிமிர்ந்தார். "எதுல தோத்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கத்தியை எடுத்துப் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டுவது போல இருந்தது. சொல்லிவிடு என்கிற பார்வை. ஏழு வாரம் பஸ்ஸில் முணுமுணுத்த வாக்கியம் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தேன். திறந்ததும் கற்பூரம் வெளியே வந்தது. உடனே மூடினேன். நான் சொன்னால் நர்ஸம்மா அடுத்த கேள்வி என்ன கேட்பார்? 'உங்களுக்கு எப்படிங்க தெரியும்?' அப்புறம் கிட்டே வந்து மோந்து பார்ப்பார்.

"தோத்தேன்னு சொல்றவரை விடுங்க நர்ஸம்மா" என்றேன், உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு. "எத்தனை ரன்னுல தோத்தார்னு எதுக்குக் கேக்கறீங்க?"

மறுபடி சிரிப்பு. என்னை மன்னிக்கிற குணமுள்ளவன் என்று யாராவது நினைத்தால் இந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கவும். வாய் நாற்றத்துக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு வேப்பமரத்தடியில் அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்றேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார்.

"ஆடியிலேர்ந்து. அது கெடக்கட்டும். கடுதாசி?"

சாவி கையில் நின்றது. "அது நான்தான்னு..."

"மேல வசனம் போட்டிருந்தீங்க சார்."

"போட்டிருந்தேனா?" நிஜமாகவே அதிர்ந்து போனார்.

"கரடி."

கண்ணை மூடிக்கொண்டார். திறக்காமலே சொன்னார்: "நீங்க எல்லாரையும் மாதிரி நடிச்சுக் காட்டுவீங்க. நானும் சிரிப்பேன். ஒரு நாள் என்னை மாதிரி செஞ்சீங்க. தூக்கைத் தொறந்து வச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு, உதட்டை அசைச்சு ஜெபம் பண்றதை. எல்லாரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. என் சம்சாரம் செத்து ஒரு மாசம்கூட ஆகலை அப்ப. அந்த ஜெபம் முழுக்க அவளுக்காகத்தான் பண்ணிட்டிருந்தேன்."

எனக்கு நினைவிருந்தது. நல்ல கைதட்டல் கிடைத்த நாள்.

இதைக் கேட்டதும் என் கோபம் இறங்கியிருக்க வேண்டும். ஏறியது. இரண்டு வருஷமாகப் பாதிக்கப்பட்டவன் நான் என்று சௌகரியமாக இருந்தேன். இந்த மனிதர் அதையும் பிடுங்கிக்கொண்டுவிட்டாரே! இனி என்னிடம் இருப்பது என்ன? துறையூர் பஸ் மட்டும்தானே?

"என்ன செய்யப் போறீங்க? ஐயர்கிட்ட சொல்லப் போறீங்களா?" என்றார். தலை குனிந்திருந்தது.

அப்போதுதான் வேதபாடம் எனக்குக் கைகொடுத்தது. "இன்னிக்கு என்ன பாடம் நடத்தினீங்க? நீங்க தின்னதைப் பாத்துத்தான் நான் இடறினேன். நான்தான் அந்தப் பலவீனமான சகோதரன். உங்க அதிகாரத்துப்படி நீங்க இனி அதைத் தொடவே கூடாது."

"சரி" என்றார். "தொடலை."

"வாய்வார்த்தை போதாது. சனிக்கெழமை சனிக்கெழமை நானும் வருவேன். நீங்க வாங்கணும். நான் திங்கணும். நீங்க பக்கத்துல நின்னு பாக்கணும்."

"நீங்க மட்டும் திங்கலாமா?"

"நான் ஏற்கெனவே விழுந்துட்டேன் சார். கெணத்துல விழுந்தவன் மேல மழை பேஞ்சா என்ன?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்து, "மூணரைக்கு வந்துடுங்க. சூடா இருக்கும்" என்றார்.

ஆறு வருஷம். மழை, வெயில் பார்க்காமல் ஆறு வருஷம் அவர் வாங்கினார், நான் தின்றேன், அவர் பார்த்தார். வேண்டுமென்றே மெதுவாகத் தின்பேன். 'ஆகா' என்பேன். கடைசிப் பருக்கையை அவர் கண்ணுக்கு நேராக விரலில் தூக்கிப் பிடிப்பேன். இதைவிடக் கொடிய தண்டனையை எந்த ராஜாவும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளைவு என்ன? அவருக்குச் சர்க்கரை இறங்கியது. நர்ஸம்மா மெச்சினார். குற்றம் குறை இல்லாமல் மூப்பரானார். சனிக்கிழமை வகுப்பில் நெஞ்சை நிமிர்த்தி, "இந்த வாரமும் ஜெயிச்சேன் பிரதர்" என்று உண்மைச் சாட்சி சொன்னார். இரண்டு வருஷம் பழிவாங்கத் துடித்து, அந்த மனிதரை என் கையாலேயே பரிசுத்தவானாக்கிவிட்டேன். ஆபீஸரும் ஓய்வு பெற்றுப் போனார். நான் திருச்சிக்குத் திரும்பினேன், என் தலையும் ஏறக்குறைய அவர் தலை மாதிரியே.

போன வருஷம் எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். ஊசியோடு வந்து நின்றவர் யார் என்கிறீர்கள்? நர்ஸம்மா. "இனிப்பு ஏதாவது தொட்டீங்களா?" "இல்லைங்க." "அப்பறம் எப்படி ஏறுச்சு?" "கர்த்தருக்குத்தான் தெரியும்." எனக்குத் துணையாக வந்து பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூப்பர் இரண்டு தரம் இருமினார். பாதத்தை வெளியே திருப்பிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஆபீஸர் மாதிரியே! இத்தனை வருஷம் என்னைப் பார்த்துக் கற்றுவைத்திருக்கிறார், பாவி.

இப்போதும் சனிக்கிழமை உத்தர வீதிக்குப் போகிறோம். இரண்டு பேரும் தின்னக் கூடாது. மடப்பள்ளிக்காரர், "என்ன ஸ்வாமி, இன்னிக்காவது ஒரு தொன்னை?" என்கிறார். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்கிறோம். ஆனாலும் அரைமணி நேரம் வாசலில் நிற்கிறோம். எங்கே போகிறோம் என்று தெரியாமல், நாங்கள் சேர்ந்தே போவதை மட்டும் பார்த்து, இதை அன்பு என்று எங்கள் ஐயர் ஒரு பிரசங்கத்தில் உதாரணம் காட்டினார். அன்பாவது! மறுபடி தொன்னைக்கு முதலில் கை நீட்டப் போவது அவராக இருக்க வேண்டும், அதை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று காத்திருக்கிறேன். அவரும் அதற்குத்தான் காத்திருக்கிறார். மூக்கு விடைப்பதிலேயே தெரிகிறது.